342 வைரஸும் ஷைமாவின் கல்யாண வீடியோவும்

6 மார்ச் 2012, செவ்வாய். மாலை 5.40. வைரஸ் 342.

எண்ணியது நான் இல்லை. கீழே ஃபிக்ரியின் ஸ்டூடியோ கம்ப்யூட்டரில் 'கோல்டு ஷீல்டு புரோ' என்று ஒன்று தானாக ஓடி, சிவப்பு எழுத்தில் போட்ட கணக்கு. பச்சைக் கேடயம், மினுக்கும் பட்டன், ஓயாத பீப் சத்தம். எல்லாவற்றையும் சுத்தம் செய்ய எண்பது டாலராம். கிரெடிட் கார்டில் மட்டும்.

பார்த்ததுமே சொல்லிவிட்டேன். "இது ஆன்டிவைரஸ் இல்லண்ணே. இதுதான் வைரஸ்."

"நீ போட்டுக் குடுத்த ஆன்டிவைரஸ் ஒரு வருஷமா ஒண்ணு கூடப் புடிக்கல. இது பத்து நிமிஷத்துல முன்னூத்தி நாப்பத்திரண்டு புடிச்சிருக்கு. எது உருப்படி, நீயே சொல்லு எஞ்சினியரே."

தெருவில் போகிறவர்களை எல்லாம் பிடித்து உள்ளே போடுகிற போலீஸ்காரன்தான் கெட்டிக்காரன் என்கிற கணக்கு. முட்டாள்தனம் என்று வாய்விட்டே சொன்னேன். அதோடு சரி, ஃபிக்ரி மெஷினைத் தொடவே விடவில்லை.

மெஷின் போனால் போகட்டும், எனக்கென்ன. ஆனால் அதற்குள் ஷைமாவின் கல்யாண வீடியோ இருக்கிறது. கறிக்கடை முதலாளி ஸக்லூலின், எல்லாரும் முஅல்லிம் என்று மரியாதையாகக் கூப்பிடுபவரின், ஒரே மகள். மூன்று மணி நேரப் படம், எடிட்டிங் முடிந்து டிவிடியில் ஏற்ற வேண்டியதுதான் பாக்கி. கேமரா கார்டை அழித்துவிட்டு அடுத்த கல்யாணத்தையும் எடுத்தாகிவிட்டது. வேறு காப்பி கிடையாது. சனிக்கிழமை விடியும்போது ஷைமா புருஷனோடு குவைத்துக்கு விமானம் ஏறுகிறாள்.

எடிட்டிங் ப்ரோக்ராமைத் திறந்தால் "இந்த ஃபைலில் வைரஸ், திறக்க முடியாது" என்று வருகிறது. கணக்கு ப்ரோக்ராமைத் திறந்தாலும் அதே. கால்குலேட்டருக்கும் அதே! கால்குலேட்டரில் எவனாவது வைரஸ் வைப்பானா?

நான் கிளம்பும்போது ஸக்லூல் வந்தார். ரத்தக்கறை ஏப்ரனோடு அப்படியே. ஃபிக்ரியிடம் சொன்னது இவ்வளவுதான்: "அங்க போயி அவளுக்கு வீட்டு நெனப்பு வந்துச்சுன்னா போட்டுப் பார்க்கணும். வேற என்னத்தக் குடுத்து அனுப்புறேன் நானு?"

7 மார்ச், புதன். காலை.

எட்டு மணிக்குள் ஏழு ஃபோன். "லைன் போச்சு ஹாஸிம்!" ராத்திரி முழுக்கக் கடல்காற்று. எங்கேயோ கேபிள் அறுந்திருக்கும் என்று மொட்டை மாடிக்கு ஓடினேன். ரவுட்டரில் எல்லா விளக்கும் பச்சை. என் பெட்டியிலிருந்து இந்தக் கட்டிடத்திலும் பக்கத்துக் கட்டிடத்திலுமாக இருபத்து மூன்று வீட்டுக்கு, மாதக் காசுக்கு, இன்டர்நெட் வயர் போகிறது. ஒன்றும் அறுபடவில்லை.

மூன்றாம் மாடியில் போய்ப் பார்த்தால், பச்சைக் கேடயம். 342.

பிரவுசரில் பிராக்சியை அது மாற்றி வைத்திருக்கிறது. எந்தப் பக்கம் திறந்தாலும் அதன் வழியாகத்தான் போக வேண்டும், அதுவோ காசு கட்டும் பக்கத்துக்கு மட்டும்தான் வழி விடும். நெட் வரவில்லை. பழி என் லைனுக்கு.

எப்படி வந்தது? ஃபிக்ரி பென் டிரைவில் ஏற்றி வீடு வீடாகக் கொடுத்திருக்கிறார். கேட்டால், "நல்ல பொருள் கெடைச்சா அக்கம்பக்கத்துக்குக் குடுக்காம நான் மட்டும் வெச்சுக்கிட்டா எப்படிடா?" என்கிறார். இந்தக் கட்டிடத்தில் பலகாரத் தட்டு வந்தால் யாரும் வெறும் தட்டாகத் திருப்புவதில்லை. பென் டிரைவையும் அப்படியே நடத்தியிருக்கிறார்கள். ஒவ்வொரு வீடும் அதில் ஆளுக்கு நாலு பாட்டைப் போட்டு அடுத்த வீட்டுக்கு அனுப்பியிருக்கிறது. என்ன அருமையான மனிதர்கள். தலையை எங்கே முட்டிக்கொள்வது?

மதியம்.

ஐந்தாம் மாடியிலும் 342.

அதே நாள், மாலை.

நில். எல்லா வீட்டிலும் ஒரே எண்ணா? பத்து வருஷத்து ஓட்டைக் கம்ப்யூட்டரிலும் 342, போன மாதம் வாங்கியதிலும் 342? நேற்றே உறைத்திருக்க வேண்டும். நான் என்ன படித்துக் கிழித்தேன்?

படியில் இறங்கும்போது எங்கள் கட்டிடத்து உம்மு கரீம் வழிமறித்தாள். "நீதான் வயர் வழியா வைரஸ் விடுறியாமே? அப்புறம் நீயே வந்து சரிபண்ணிக் காசு வாங்குறியாமே?" யார் சொன்னது என்று கேட்டேன். "எல்லாரும் சொல்றாங்க." யார் அந்த எல்லாரும்? அவள் மேலே ஏறிப் போய்விட்டாள்.

அதைவிட மோசம் ஒன்று. கார்டு ஒருவரைத் தவிர யாரிடமும் இல்லை, ஆனால் சீட்டு போட எல்லாருக்கும் தெரியுமே! வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்து, ஒரே ஒரு ஆன்டிவைரஸ் வாங்கி, எல்லா வீட்டிலும் போட்டுக்கொள்வதாக ஏற்பாடு. கார்டு நான்காம் மாடி மேடம் இஷ்ராக்குடையது. கப்பல் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாளை மக்ரிப் தொழுகைக்குப் பிறகு ஸ்டூடியோவில் வைத்துக் கார்டு எண்ணைப் போட்டுக் காசு கட்டுவார்களாம்.

எவனோ ஒரு திருடனுக்கு, அதுவும் சீட்டுப் போட்டு!

8 மார்ச், வியாழன்.

வரிசையாக எழுதுகிறேன்.

ஸ்டூடியோவில் பதினைந்து பேர். ஃபிக்ரி கீபோர்டில். மேடம் இஷ்ராக் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கார்டு எண்ணை நாலு நாலாக வாசிக்கிறார். "மேடம், வேண்டாம், உங்க அக்கவுன்ட்டையே துடைச்சிருவானுங்க" என்றேன். "வாடிக்கை போயிரும்னு பயப்படுறான்" என்று யாரோ சொன்னார்கள். சிரிப்பு. உம்மு கரீம் மட்டும் ஒரு நிமிஷம் முழுக்கச் சிரித்தாள்.

பதினாறில் எட்டு எண் ஆகிவிட்டது.

இவர்களோடு பேசிப் பிரயோஜனம் இல்லை. திரும்பினேன். ஆறு மாடி. எப்படி ஏறினேன் என்று தெரியவில்லை. ரவுட்டர் பிளக்கைப் பிடுங்கினேன்.

இரண்டு கட்டிடத்திலும் ஒரே கூச்சல். யாரோ கம்ப்யூட்டரில் மேட்ச் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். ஜன்னலைத் திறந்து என் அப்பாவையும் அவருடைய அப்பாவையும் திட்டினான். திட்டட்டும்.

லேப்டாப்போடு கீழே வந்தால் வாசலில் ஸக்லூல் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். "ஏன்டா, என் பொண்ணு கல்யாணம் உனக்கு வெளையாட்டா?"

"ரெண்டே நிமிஷம் குடுங்க முஅல்லிம். அப்புறம் என்னை வெட்டித் தொங்கவிடுங்க."

என் லேப்டாப்பை மேஜைமேல் வைத்தேன். காலையில்தான் எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸ் மட்டும் போட்டிருந்தேன். ஒரு பாட்டு கிடையாது, ஒரு ஃபோட்டோ கிடையாது. நெட்டும் கிடையாது, பிடுங்கியாகிவிட்டதே. ஃபிக்ரியின் பென் டிரைவைச் செருகி, அவர் கையாலேயே கோல்டு ஷீல்டைப் போடச் சொன்னேன். ஓடியது. பீப். பீப். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

342.

"உன் லேப்டாப்பும் அழுக்குதான்" என்றார் ஃபிக்ரி. ஆனால் குரலில் பழைய வேகம் இல்லை.

"அண்ணே, எச் டிரைவ்ல நாப்பது வைரஸ்னு காட்டுதே. இந்த மெஷின்ல எச் டிரைவ்னு ஒண்ணே கெடையாது. எங்கேருந்து புடிச்சுச்சு?"

மேடம் இஷ்ராக் இரண்டு திரைக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தார். இங்கே ஒரு வரி, அங்கே ஒரு வரி என்று விரல் வைத்துப் படித்தார். "வரிசை கூட மாறல ஃபிக்ரி" என்றார். கார்டைக் கைப்பைக்குள் போட்டு டப்பென்று மூடினார்.

அப்பாடா.

ஃபிக்ரி நாற்காலியில் சாய்ந்துவிட்டார். அவர் கேட்காததை ஸக்லூல் கேட்டார். "அப்ப ஷைமாவோட படம்?"

"உள்ளதான் இருக்கு. நாளைக்கு எடுத்துத் தர்றேன்."

"எடுக்க முடியலேன்னா?"

நான் லேப்டாப்பை மூடினேன். அவர் என் கழுத்தை ஒரு முறை பார்த்தார். கறிக்கடைக்காரர்கள் அதிகம் பேசத் தேவையில்லை.

9 மார்ச், வெள்ளி. ஜும்ஆ தொழுகை முடிந்து.

கம்ப்யூட்டரை, விண்டோஸ் மட்டும் ஓடும் சேஃப் மோடில் எழுப்பினேன். அதில் கோல்டு ஷீல்டு ஓடவில்லை. அதன் ஃபைலைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. பூனை கீபோர்டில் நடந்த மாதிரி ஒரு பெயர். அழித்தேன். வந்த வேலை முடிந்தது என்று ரீஸ்டார்ட் போட்டேன்.

எந்த ப்ரோக்ராமும் திறக்கவில்லை. எதைத் தொட்டாலும் "இதை எதைக் கொண்டு திறக்க?" என்று மெஷின் என்னையே கேட்கிறது. அந்தச் சனியன் தன்னை நடுவில் நிறுத்திவிட்டுத்தான் மற்ற எல்லாவற்றையும் திறக்க வைத்திருந்தது. நடுவில் இருந்தவனை நான் கொன்றுவிட்டேன், பாதையைச் சரிசெய்யாமல். அவசரம். எனக்கு எப்போதும் இந்த அவசரம்.

"நேத்து பீப்பாவது அடிச்சுச்சு" என்றார் ஃபிக்ரி. நான் அவர் கண்ணைப் பார்க்கவில்லை.

என் லேப்டாப்பிலிருந்து, எதை எதைக் கொண்டு திறப்பது என்று சொல்லும் சரியான ரெஜிஸ்ட்ரி வரிகளைப் பென் டிரைவில் கொண்டுவந்து ஏற்றினேன். திறந்தது. பிராக்சியை எடுத்தேன். நெட் வந்தது. கடைசியாகக் கல்யாண ஃபோல்டர்.

காலி.

ஒரு ஃபைல் இல்லை. ஷைமா இல்லை, நிக்காஹ் இல்லை, ஸக்லூல் கம்பைச் சுழற்றி ஆடியது இல்லை. மற்ற ஃபோல்டரும் காலி. டெஸ்க்டாப்பில் குப்பைத்தொட்டி மட்டும். ஃபிக்ரி சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டார். என்னைத் திட்டியிருந்தால் தேவலை. தொடுவதற்கு முன்னால் காப்பி எடுத்தேனா? எடுக்கவில்லை. ஊருக்கெல்லாம் நான் சொல்லும் முதல் பாடம் அதுதான், எடுத்தேனா?

அப்புறம்தான் ஹார்ட் டிஸ்க் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று பார்க்கத் தோன்றியது.

முக்கால்வாசி நிரம்பியிருக்கிறது.

காலி வீட்டுக்கு ஏது இவ்வளவு பாரம்? எல்லாம் உள்ளேதான் இருக்கிறது. ஆளைப் பயமுறுத்த ஒவ்வொரு ஃபைலுக்கும் 'மறை' என்று குறி போட்டு வைத்திருக்கிறான், அவ்வளவுதான். கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையைத் திறந்து ஒரே ஒரு வரி அடித்தேன். என்டர். மேலிருந்து கீழாக ஃபைல்கள் ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தன.

முதலில் வந்த படத்தையே ஃபிக்ரி கிளிக் செய்தார். மேளம். ஸக்லூல் கம்பைத் தலைக்கு மேல் சுழற்றுகிறார், ஷைமா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள்.

ஃபிக்ரி என் தலையைப் பிடித்து நெற்றியில் முத்தம் கொடுத்தார். சிகரெட் நாற்றம். பரவாயில்லை.

முதலில் வெளி டிஸ்க்கில் காப்பி எடுத்தோம். அப்புறம்தான் டிவிடி. அஸர் தொழுகைக்குள் மூன்று டிவிடி தட்டு. நான்காவதைத் தனக்கென்று மேடம் இஷ்ராக் கேட்டு வாங்கிக்கொண்டார், ஏனென்று சொல்லவில்லை.

10 மார்ச், சனி.

ஷைமா போய்விட்டாள். ஏர்போர்ட்டிலிருந்து நேராகக் கடைக்கு வந்த ஸக்லூல், ஷட்டரைப் பாதி தூக்கி வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். ஒரு கிலோ ஈரல், காகிதத்தில் சுற்றி. காசை நீட்டினேன், முறைத்தார்.

"வீட்டுல கம்ப்யூட்டர் இல்ல எனக்கு. அவ முகத்தைப் பார்த்துக்கிட்டே பேசலாமாமே. உண்மையா?"

"உண்மைதான் முஅல்லிம்."

"என்ன வாங்கணும்னு சொல்லு. பச்சையா எதுவும் வந்து மினுக்காதுல்ல?"

மாட்டாது என்றேன். மினுக்கினால் எதையும் அமுக்காமல் என்னைக் கூப்பிடுங்கள் என்றும் சொன்னேன். எப்படியோ பொறுமையாகவே சொல்ல வந்துவிட்டது.

உம்மு கரீம் படியில் எதிர்ப்பட்டாள். "நீ விடலைன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றாள். சரி, அப்படியே இருக்கட்டும்.

இனிச் செய்ய வேண்டியவை:

1. மிச்ச எட்டு வீட்டையும் சுத்தம் செய். வரிசை: முதலில் காப்பி, பிறகு பாதை, பிறகு அழிப்பு. காசு வாங்காதே.
2. ஃபிக்ரியின் பென் டிரைவை அழி. பாட்டுகளை மட்டும் எடுத்து வை, சில நன்றாக இருக்கின்றன.
3. மேட்ச் பார்த்தவனுக்கு இந்த மாதம் லைன் இலவசம். திட்டியதற்கு இல்லை, பிடுங்கியதற்கு.
4. மேடம் இஷ்ராக்கை பேங்குக்கு அழைத்துப் போய்ப் புதுக் கார்டு வாங்கிக் கொடு. எட்டு எண்தான், இருந்தாலும்.
5. ஸக்லூல் வீட்டுக்கு இருபத்து நான்காவது வயர். கேமராவை அலமாரிமேல் வைக்காதே, மேஜைமேல் வை. அவர் உட்கார்ந்தால் மீசை முழுசாகத் தெரிய வேண்டும்.