மாமனும் மருமகளும் விழுங்க வேண்டிய மாத்திரை

அன்புள்ள மகளுக்கு, அம்மா எழுதுவது. எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது, பொய் எதற்கு, இங்கே முக்கால்வாசி சுகம். நீயும் மாப்பிள்ளையும் நம் வாலுக்குட்டியும் முழுச் சுகமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் நீ கத்துகிறாய், நானும் கத்துகிறேன், அதனால்தான் காகிதம்.

லீவுக்கு வந்துவிட்டு நீங்கள் விமானம் ஏறிப் போன பிறகுதான் உன் தம்பிக்கு டிபி என்று தெரிந்தது. தெரிந்த அன்றே உனக்குச் சொன்னேன். தெரிந்தே என் பிள்ளை பக்கத்தில் அவனை விட்டீர்களா என்று கேட்டாய். தெரிந்து யாரடி செய்வார்கள்? வெளிநாட்டில் வளர்கிற பிள்ளை, வெக்கை தாங்காது, கொசு கடிக்கும் என்று வீட்டில் ஏசி இருக்கிற ஒரே அறையில் சன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் துணியையும் செருகி, கதை சொல்ல மாமனையும் உள்ளே அனுப்பினோம். நீயும்தான் சாத்தினாய். அவன் இருமலோடு சேர்த்துத்தான் அவளைப் பூட்டி வைத்தோம். பாசத்துக்குக் கிருமி தெரியுமா?

அவன் தைக்கிற ஷெட்டிலும் அதே கதைதான். துணியில் தூசி விழும் என்று சன்னலே திறப்பதில்லை. லீவு கேட்டதற்கு, மிட்டாயைச் சப்பிக்கிட்டுத் தைடா, இருமல் நிக்கும் என்றானாம் மேற்பார்வையாளன். துணிக்கு இருக்கிற மரியாதை தைக்கிறவன் நெஞ்சுக்கு இல்லை. வேலை போய்விடும் என்கிற பயம்தான் அவன் வாயை அடைத்தது. திட்டுவதென்றால் அந்த முதலாளியைத் திட்டு, நானும் கூடச் சேர்ந்துகொள்கிறேன்.

பிள்ளை நன்றாக ஓடியாடுகிறாளே, மாத்திரை எதற்கு என்கிறாராம் மாப்பிள்ளை. கிருமி உள்ளே தூங்குகிறது, நெஞ்சுப் படம் சுத்தமாக இருக்கிறது, நோயாக மாறவில்லை என்று டாக்டர் சொன்னதாக நீதானே எழுதினாய். தூங்கும்போதே அடிக்கத்தான் மாத்திரை. சின்ன உடம்பில் அது எழுந்தால் மூளை வரைக்கும் போகுமாம், இங்கே நர்ஸம்மா சொன்னார். மாமனுக்கு டிபி என்பதை டாக்டரிடம் மறைக்காதே. ஊர்வாயை மூட உலைமூடி கிடையாது, பிள்ளைக்கு ஒன்று என்றால் அந்த ஊரா வந்து நிற்கும்?

தம்பி தேறிவிட்டான். சளியில் இப்போது கிருமி இல்லை. தொளதொளத்த சட்டை மறுபடி பிடிக்கிறது, நக்கலும் திரும்பிவிட்டது. அந்த அறையில் எதிர்ச் சுவரையும் உடைத்துப் பெரிய சன்னலாக வைத்துவிட்டோம், காற்றில் நாள்காட்டி நிற்க மாட்டேன் என்கிறது.

மாத்திரையைத் துப்புகிறாள் என்றாயே, அந்த நேரத்துக்கு மாமனைப் போனில் கூப்பிடு. இருமல் போன் வழியாக ஒட்டாது, பயப்படாதே. அவன் தன் மாத்திரையை விழுங்கி நாக்கை நீட்டிக் காட்டுவான், பிறகு அவள் முறை. யார் நாக்கில் மிச்சம் இருக்கிறதோ அவர்தான் கழுதை. போட்டியை அவனே யோசித்து வைத்திருக்கிறான், உன்னிடம் கேட்கத்தான் கூச்சம்.

மூன்று பேரும் நோய்நொடி அண்டாமல் நீடு வாழ வேண்டும். மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதே. அக்கா கூப்பிட்டாளா என்று அவன் போனை எடுத்து எடுத்துப் பார்க்கிறான்.

உன் வாயாடி
அம்மா