மூடி இல்லாத மிக்ஸி

அன்புள்ள மருமகளுக்கு,

உன் மாமியார் எழுதுவது. இங்கே மூன்று பேரும் சுகம். நீயும் அப்படியே இருக்க வேண்டும். போனில் பேசலாமே என்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் சண்டைதான் வருகிறது. எழுத்துக்கூட்டி எழுதும்போது கோபம் கொஞ்சம் பின்தங்கிவிடுகிறது.

முதலில் ஒரு சந்தேகம். போகும்போது மிக்ஸி மூடியை ஏன் எடுத்துப்போனாய்? வேண்டுமென்றே செய்தாய் என்று ஒரு வாரம் திட்டினேன். உன் டப்பாக்களோடு தவறிப் போயிருக்கும் என்கிறான் உன் புருஷன். அவன் எப்போதும் உன் கட்சி.

உன் டயட் சாப்பாட்டை இப்போது எங்களுக்கும் அவன்தான் சமைக்கிறான். ஃப்ரிட்ஜ் கதவில் நீ ஒட்டிய தாளைப் பார்த்துப் பார்த்துச் செய்கிறான். சோறு, ரொட்டி, பருப்பு, பால் எதுவும் கிடையாது. முட்டை, மீன், கறி, காய், பழம், கொட்டை, அவ்வளவுதான். ஆதிமனிதன் சாப்பாடாம். ஆதிமனிதனுக்கு மிக்ஸி யார் வாங்கிக் கொடுத்தது என்று கேட்டேன். "பேசாம சாப்பிடும்மா" என்றான். தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். குகையில் மாமியார் இருந்தாளா, அவளுக்குத் தனியாக ஏதாவது எடுத்து வைத்தார்களா, அதுவும் தெரியவில்லை.

மீன் நன்றாக வருகிறது. பூசணியைச் சுட்டு எலுமிச்சை பிழிகிறான், பரவாயில்லை. கீரை ஸ்மூத்திதான் தகராறு. மூடிக்குப் பதில் தட்டை வைத்து அமுக்கிக்கொண்டு மிக்ஸியைச் சுற்றவிட்டான். தட்டு வழுக்கியது. சமையலறைக் கூரையில் இன்னும் பச்சை இருக்கிறது. துடைக்கப் போனவனை நான்தான் தடுத்தேன். நீ பார்க்க வேண்டாமா?

ஜாரில் மிஞ்சியதைக் குடித்தேன். ஒரே கசப்பு. நீ கொடுத்தது இப்படி இருக்காது. எனக்கு எப்படித் தெரியும் என்கிறாயா? சொல்லிவிடுகிறேன். உன் அக்கா வந்திருந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், குளத்துப் பாசி என்று சொல்லி, எல்லார் முன்னாலும் நீ கொடுத்ததைத் தொட்டியில் கொட்டினேனே, அது அந்த ஒரு நாள்தான். மற்ற நாளெல்லாம் நீ வேலைக்குக் கிளம்பிய பிறகு சொட்டு விடாமல் குடித்தேன்.

அந்த ருசி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். ஆப்பிள் கூட்டினேன். பாதாம் ஊறவைத்துப் போட்டேன். இஞ்சியைக் குறைத்தேன். ஒன்பது நாள் ஆயிற்று, வரவில்லை. நேற்று என் பேத்தி குண்டூசி நின்று வேடிக்கை பார்த்தாள். உன் மகளுக்கு உன்னைப் போலவே வாயோரமாகத்தான் சிரிப்பு வருகிறது. "பாட்டி, உங்க கிளாஸ்ல மட்டும் அம்மா ரெண்டு பேரீச்சம்பழம் போடுவாங்க. உங்களுக்குக் கசப்பு ஆகாதாம். சொல்லக்கூடாதுன்னாங்க" என்றாள்.

போய்த் தாளைப் பார்த்தேன். பேரீச்சம்பழத்தை நீயே சிவப்பு மையில் அடித்திருக்கிறாய். உனக்கு வேண்டாம் என்று தள்ளியதை எனக்காக வாங்கியிருக்கிறாய். அன்று தொட்டியில் போனதும் அதுதான்.

நான் எதையும் மறக்கிறவள் இல்லை. நீ இந்த வீட்டுக்கு வந்த நாலாம் நாள், செவ்வாய்க்கிழமை, என் சட்டியை எனக்கு எட்டாத அலமாரி மேல்தட்டில் வைத்தாய். அது மறக்காது. தொட்டியில் கொட்டியதும் மறக்காது. இரண்டும் இருக்கட்டும்.

ஆறு மாத மாற்றலை ஒரு வருஷமாக்கச் சொல்லி உன் ஆஸ்பத்திரியில் கேட்டிருக்கிறாயாமே. மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டுமாம். நர்ஸ் வேலையைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? போடாதே என்று சொல்ல நான் யார்? குண்டூசி தினமும் உன் கிளாஸையும் கழுவிக் கவிழ்த்து வைக்கிறாள். அதை மட்டும் சொல்கிறேன்.

மூடியைத் தபாலில் அனுப்புகிறேன் என்றாயாம். அனுப்பாதே, உடைந்துவிடும். பிளாஸ்டிக் உடையாது என்பாய். உடையும். கையில் எடுத்து வா. பேரீச்சம்பழம் வாங்கி வைத்திருக்கிறேன். கொட்டையெல்லாம் நானே எடுத்துவிட்டேன்.

மகராசியாய் இரு.

உன் மாமியார்