அது அந்தச் சீ இல்லை

என் கண்ணுக்கு,

கேலாங்கில் சிநேகிதி வீட்டுச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? நீ போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன்.

சனிக்கிழமை முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றாய். பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி, "திஸ் ஒன் ஹூ லா?" என்று கேட்டார். நான் உன்னைக் காட்டி "சீ" என்றேன். உடனே பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய்.

அசடே, அது அருவருப்பில் வந்த சீ இல்லை. "ஹீயும் வேணாம், ஷீயும் வேணாம்மா. இங்கிலீஷ்ல என்னை ஸீன்னு சொல்லுங்க. வண்டு சத்தம் மாதிரி ஆரம்பிக்கணும், ஈஸி லா" என்று நீதானே சொல்லிக்கொடுத்தாய்? "ஸீ இஸ் மை சைல்ட்" என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்; வண்டு சத்தம் வராமல் அது சீ ஆகிவிட்டது. மிச்சத்தை நீ கேட்கவில்லை.

அதற்கு முன் இரண்டு வாரமாக லிஃப்டில் தனியாக நின்று அந்தச் சொல்லைப் பழகினேன். ஒருநாள் கதவு திறந்ததும் மேல்மாடி மாசிலாமணி அண்ணன், "ஏம்மா, என்னைப் பார்த்தா சீங்கிறே?" என்று கோபித்துக்கொண்டு படியில் இறங்கிப் போனார். நம்பாவிட்டால் அவரையே கேள்.

முடி உனக்கு நன்றாகத்தான் இருக்கிறது. பின்கழுத்தில் மட்டும் கோணல்.

அந்தச் சொல்லை இன்னும் பழகிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் நீ எதிரில் இருந்தால் எனக்கு "நீ" போதும்; அதில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. நீ இல்லாத வீட்டில்தான் உன்னைச் சொல்ல வேறு சொல் வேண்டியிருக்கிறது.

உன் அம்மா