வாட்ச்மேனுக்கு வெட்டுக்கிளி பிடிக்கப் போன மத்தியானம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் சுகமாகத்தான் இருக்கிறேன், படி ஏறும்போது மட்டும் முழங்கால் என்னைத் திட்டுகிறது. நீயும் மாப்பிள்ளையும் வாண்டும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்களா. வாண்டுக்குக் கீழே இரண்டு பல் முளைத்த படத்தை மாப்பிள்ளை அனுப்பியிருந்தார், மாடிவீட்டு டீச்சரிடமும் மருந்துக்கடைக்காரரிடமும் காட்டினேன், இரண்டு பேரும் மூக்கு அப்படியே தாத்தா மூக்கு என்கிறார்கள், பாவம் குழந்தை.

வாட்ச்மேன் நலம். நீ போனில் என்னை விசாரிப்பதற்கு முன்னால் அம்மாவின் மீனைத்தான் விசாரிக்கிறாய், அதனால் முந்திக்கொண்டேன். காலையிலிருந்து தண்ணீரின் மேல்மட்டத்தில் அதே மூலையில் நிற்கிறான், பார்த்தால் தூங்குகிற மாதிரி இருக்கும், ஒரு பூச்சி விழட்டும், அப்புறம் தெரியும் சங்கதி. அம்மா படுக்கையில் விழுந்து இரண்டு மாதம் கழித்து அவளைச் சக்கர நாற்காலியில் வைத்து வளர்ப்பு மீன் கடைக்குக் கூட்டிப் போனேன் அல்லவா, கலர் கலராக எத்தனையோ மீன் ஓடிக்கொண்டிருக்க, இவள் ஒரு தொட்டியைக் காட்டி, அந்தக் காஞ்ச எலைய எடுத்துப் போடச் சொல்லுங்க, தண்ணி கெட்டுரும் என்றாள். கடைக்காரர் சிரித்துவிட்டு, அது எலை இல்லம்மா, பட்டாம்பூச்சி மீன், உயிரோட இருக்கிற பூச்சியத்தான் பிடிச்சுத் தின்னும், கூட சின்ன மீன் விட்டா அதையும் முழுங்கிரும் என்றார். அவ்வளவுதான், இதுதான் வேண்டும் என்று ஒரே பிடிவாதம். இதுவும் என்ன மாதிரிதான், இருந்த எடத்துலயே இருக்கு, வாய் மட்டும் சும்மா இருக்காது என்றாள். தையல் மெஷின் மேஜையில் அவள் தலைமாட்டிலேயே தொட்டியை வைத்தோம். அவள் படுத்துக்கொண்டு கீழேயிருந்து பார்ப்பாள், தண்ணீரின் மேல்மட்டம் அடியிலிருந்து பார்த்தால் வெள்ளித்தகடு மாதிரி மின்னுமாம், நீங்க மேலேருந்து பாக்கிறீங்க, உங்களுக்கு ஒண்ணும் தெரியாது என்பாள். மேலே தாவுகிற மீன் என்பதால் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றாமல் நான்கு விரல் இடம் விடவேண்டும், மூடியும் இறுக்கமாக இருக்கவேண்டும், நாற்பது வருஷம் லிப்ட் ரிப்பேர் பார்த்த கை, ஸ்பிரிங் கொக்கி போட்டுவிட்டேன். கடைத் தீனியைப் போட்டால் அது அடியில் போய்விடும், அடியில் போனதை அவன் திரும்பியும் பார்க்கமாட்டான். அதனால் தினமும் பின்பக்கத்துக் காலி மனையில் புல்லுக்குள் குனிந்து வெட்டுக்கிளி பிடிப்பது என் உத்தியோகமாகிவிட்டது. ரிட்டயர் ஆனப்புறம் புரொமோஷனா சார் என்று டீச்சர் மாடியிலிருந்து கேட்பார்.

இனி எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் மாப்பிள்ளை என்னிடம் தனியாகப் பேசினார், அவரைக் கோபித்துக்கொள்ளாதே. நீ சரியாகச் சாப்பிடுவதில்லையாம், குழந்தைக்குப் பால் கொடுக்கும்போதெல்லாம் அழுகிறாயாம், அம்மா போன அன்னைக்கு நான் அங்க இருந்திருக்கணும் என்று சொல்லிச் சொல்லி இப்போது வேலையை விட்டுவிட்டு உடனே கிளம்புகிறேன் என்கிறாயாம். ஒன்பது மாத வயிற்றோடு உன்னை எந்த விமானத்தில் ஏற்றியிருப்பார்கள். என்னிடம் பேசும்போதும் கடைசியில் நீ சொல்வது ஒன்றுதான், நீங்களாவது அம்மா கையப் பிடிச்சுக்கிட்டு இருந்தீங்களே, அது போதும்ப்பா என்று. உடனே டீச்சர் கூப்பிடுகிறார் என்று நான் போனை வைத்துவிடுவேன். டீச்சர் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. நான் பிடித்துக்கொண்டிருக்கவில்லை கண்ணு. நான் அங்கே இல்லவே இல்லை. நீ போனில் அலறிய அலறலில், உன் வயிற்றில் இருந்த குழந்தையை நினைத்து, அந்தப் பொய் என் வாயில் வந்துவிட்டது.

அன்றைக்கு மத்தியானம் கஞ்சி கொடுத்து வாய் துடைத்துவிட்டேன். வாட்ச்மேன் பசியா இருக்கான், போய்ப் புடிச்சிட்டு வாங்க என்றாள். வெயில் தாழட்டுமே என்றேன், முறைத்தாள், முணுமுணுத்துக்கொண்டே டப்பாவோடு கிளம்பினேன். வாசல்படி தாண்டும்போது, மெதுவா வாங்க, அவசரமில்ல என்றாள். முக்கால் மணி நேரத்தில் நாலு கிடைத்தன, எல்லாம் கொழுத்தவை. திரும்பி வந்தபோது தொட்டிப் பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்திருந்தாள், கண் திறந்திருந்தது, மீனைப் பார்க்கிறாள் என்றுதான் நினைத்தேன். நேராகப் போய் மூடியைத் திறந்து ஒன்றைப் போட்டேன், ஒரே தாவு. பாத்தியா என்றேன். இரண்டாவது போட்டேன், கொழுப்பப் பாரு இவனுக்கு என்று அவளைச் சிரிக்கவைக்கப் பேசிக்கொண்டே இருந்தேன். மூன்றாவது போட்டபிறகுதான் இவள் இவ்வளவு நேரம் பதில் சொல்லாமல் இருக்கமாட்டாளே என்று உறைத்தது. அப்புறம்தான் கையைப் பிடித்தேன். சில்லிட ஆரம்பித்திருந்தது. ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார், அந்த ஒரு நிமிஷம் நான் எந்தப் புல்லை விலக்கிக்கொண்டிருந்தேன் என்று இன்னமும் யோசிக்கிறேன். மறுநாள் தொட்டிக்குப் பக்கத்திலிருந்த இன்னொரு டப்பாவை எடுத்துப் பார்த்தால் அவள் போனதற்கு முந்தின நாள் பிடித்ததில் ஆறு வெட்டுக்கிளி உயிரோடு இருந்தன. அந்த டப்பா அவள் கண்ணுக்கு நேரே இருந்தது. மறந்துபோய் அனுப்பினாளா, நான் பார்க்கவேண்டாம் என்று அனுப்பினாளா, யாரைப் போய்க் கேட்பேன். கோபத்தில் வாட்ச்மேனை நாலு நாள் பட்டினி போட்டேன், அவன் என்ன செய்வான், மேலேயே பார்த்துக்கொண்டு நின்றான், ஐந்தாம் நாள் எனக்கே தாங்கவில்லை.

நீ இல்லை என்று அழுகிறாய், நானும்தான் இல்லை. நீ கடல் தாண்டி இருந்தாய், நான் சுவர் தாண்டி இருந்தேன், வித்தியாசம் அவ்வளவுதான். இதை நீ ஒருத்தியாகத் தூக்கிச் சுமக்காதே. பொய் சொன்னதற்கு என்மேல் கோபம் வந்தால் கோபப்படு, ஒரு மாதம் பேசாமல் இருந்தாலும் இருந்துகொள், ஆனால் வேளாவேளைக்குச் சாப்பிடு. வேலையையும் விடாதே. அம்மாவின் கட்டிலும் தொட்டியும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. வரும்போது ஒரு தடவை அந்தக் கட்டிலில் படுத்துக் கீழேயிருந்து பார்த்துவிட்டு என்ன தெரிகிறது என்று எனக்குச் சொல், எனக்கு அங்கே படுக்கத் தைரியம் வரவில்லை.

மாப்பிள்ளைக்கு என் அன்பு, வாண்டின் இரண்டு பல்லுக்கும் முத்தம், மூன்று பேரும் குறையில்லாமல் நீடூழி வாழவேண்டும். லீவு கிடைக்கட்டும், குழந்தை நடக்கட்டும், அப்புறம் கிளம்பு. அவள் கடைசியாகச் சொன்னதைத்தான் உனக்கும் சொல்கிறேன். மெதுவா வா, அவசரமில்ல.

உன்னை நினைத்தபடி,
அப்பா