முளைக்காத சங்குப்பூ

கிள்ளான்

அன்பு மகள் ஷஹானாவுக்கு அஸ்ஸலாமு அலைக்கும்.

சென்ற மாதம் காப்பாரில் ரம்லத் மாமி வீட்டில் மௌலூது ஓதி முடிந்து சாப்பாட்டு மேசையில் இருந்தவர்கள் நான், உன் அத்தா, மாமி, ஜாகிர் மாமா, அவர்கள் பக்கத்து வீட்டுக் கிளாரன்ஸ் அங்கிள், ஆக ஐந்து பேர். மாமி உனக்குப் போன் போட்டு வேறு கதை சொல்லுவாள், அதனால்தான் இதை முதலில் எழுதுகிறேன். மற்றபடி அல்லாஹ்வின் ரஹ்மத்தால் நாங்கள் இருவரும் சுகம், அத்தாவுக்குக் கண் எரிச்சல் குறைந்திருக்கிறது, நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் சுகமாக இருக்க ஐந்து வேளையும் துஆ கேட்கிறேன்.

நம் வேலிச் சங்குப்பூவை ஊறவைத்து நான் வகுப்புக்குக் கொண்டுபோகும் நீலத் தண்ணீரை, "பூவாம் லா பூ! பாசார்ல விக்கிற கலர் பவுடரு" என்று குர்ஆன் வகுப்புப் பெண்களிடமெல்லாம் மாமி சொல்லித் திரிந்தாளே, அண்ணன் மனைவி என்றுகூடப் பார்க்காமல், அன்றிலிருந்து வகுப்பில் என் கிளாஸை ஒருத்தியும் தொடவில்லை. நானும் நேரம் பார்த்துக் காத்திருந்தேன். மௌலூது அன்று அவளே ஒரு ஜக் நீலத் தண்ணீரை வைத்து, "எங்க தோட்டத்துப் பூ மதினி, குடிச்சுப் பாருங்க" என்றாள். நான் பிஸ்மி சொல்லி, மேசையிலிருந்த எலுமிச்சையை அவள் கிளாஸிலும் நான் போத்தலில் கொண்டுபோனதிலும் பிழிந்தேன். சங்குப்பூத் தண்ணீர் என்றால் புளிப்புப் பட்டதும் ஊதாவாகும், கலர் பவுடர் மாறாது. என்னுடையது மாறியது, அவளுடையது நீலமாகவே நின்றது. கிளாரன்ஸ் அங்கிள், "ரம்லத், இத பேனாவுல ஊத்தி எழுதலாம் போல லா" என்றார். ஜாகிர் மாமா சோற்றிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ், எனக்கு அன்று இரண்டு தட்டு பிரியாணி இறங்கியது.

மறு வாரம் வந்து, "விதை இருந்தா குடுங்க மதினி" என்றாள். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை இல்லை. கொடுத்தேன், வாணலியில் லேசாக வறுத்து. பார்த்தால் தெரியாது. தினமும் தண்ணீர் ஊற்றிவிட்டு, "இன்னும் முளைக்கலையே மதினி" என்று போன் போடுகிறாள். பொறுமையாக இருங்கள், துஆ செய்யுங்கள் என்கிறேன்.

உனக்குக் காய்ந்த பூ அனுப்பியிருக்கிறேன், பச்சைக் காம்பைக் கிள்ளி நிழலில் காயவைத்தது. கொதிக்கவைக்காதே, சுடுதண்ணீர் ஊற்றி மூடி வை, மாப்பிள்ளைக்கு நல்ல தூக்கம் வரும்.

நோன்பு நெருங்குகிறது. மனதில் கசப்பை வைத்துக்கொண்டு நோன்பு பிடிக்காதே என்கிறார்கள் அத்தா, விதை விஷயம் அவர்களுக்குத் தெரியாது. வறுக்காத விதை ஒரு டின்னில் தனியாக இருக்கிறது. அவள் மன்னிப்புக் கேட்காமல் அதை எடுக்க எனக்குக் கை வரவில்லை. கொடுக்கட்டுமா, வேண்டாமா, நீ சொல்வதைச் செய்கிறேன். அல்லாஹ் உங்கள் இருவருக்கும் பரக்கத் செய்யட்டும். சீக்கிரம் பதில் எழுது.

துஆவுடன்,
அம்மா