இடது சீட்டின் சாட்சி

11.01.2004, ஞாயிறு

இன்று என் முறை. காலை ஆறரைக்கு, உத்தமபாளையத்தைத் தாண்டி ரோடு நேராகும் இடத்தில், என் பழைய எஸ்டீம் காரில் வேக முள் நூற்றைம்பதைத் தொட்டது! வாங்கி இரண்டு மாதம்தான் ஆகிறது. பயம் அப்போது தெரியவில்லை. அனுமந்தன்பட்டி டீக்கடையில் இறங்கிய பிறகுதான் தெரிந்தது.

கார்ப் பைத்தியங்கள் ஞாயிறுதோறும் அங்கே கூடி வேகக் கதை பேசுகிறோம். கதை என்றாலும் சட்டம் உண்டு. இடது சீட்டில் ஒரு சாட்சி உட்கார்ந்து, முள்ளைப் பார்த்து வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஓட்டுகிறவன் கண் ரோட்டில்தான். சாட்சி இல்லாத வேகம் கணக்கில் சேராது.

என் சாட்சி மாரிசெல்வம். செல்போன் கடை வைத்திருக்கும் பையன், என்னைவிடப் பத்து வயது சின்னவன். "அண்ணே, நூத்தம்பது! நூத்தம்பதுண்ணே!" என்று அவன் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. ஏலக்காய் வியாபாரி கர்ணன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அவருடைய நூற்று நாற்பத்திரண்டை ஆறு மாதமாகக் கேட்டுக் காது புளித்துப் போயிருந்தது.

14.01.2004

சுருளிராஜன் என்ற என் பெயரை ஊர் மறந்துவிட்டது. "நூத்தம்பது அண்ணே" என்கிறார்கள். பதினான்கு வருடமாக வீடு வீடாகப் போய்க் கரண்டு மீட்டர் படிக்கிறேன். நாயைத் தவிர யாரும் என்னைக் கவனித்ததில்லை. இன்று ஒருவர் நாற்காலி போட்டுக் காபி கொடுத்தார்.

என் மனைவி முனீஸ்வரிக்கு மட்டும் பெருமை இல்லை. "ரேஷன் கடைக்குப் போகச் சொன்னா மட்டும் ஒங்க முள்ளு நகர மாட்டேங்குதே" என்கிறாள்.

25.01.2004, ஞாயிறு

மாரிசெல்வம் என்னை முந்தப் போகிறானாம். அவனுடைய சியலோ கார் இதுவரை நூற்று முப்பத்தைந்தைத் தாண்டியதில்லை. "பிப்ரவரி எட்டு. நூத்தம்பத்தஞ்சு. நீங்கதான் சாட்சி" என்றான். அவன் மனைவி கயலுக்கு இது ஐந்தாம் மாதம். "இப்ப எதுக்குடா?" என்றேன். "பெறகு எங்கண்ணே விடுவா" என்று சிரித்தான்.

31.01.2004, சனி

கம்பத்தில் இம்மானுவேல் பட்டறையில் பஞ்சர் ஒட்டக் கொடுத்தேன். அவன் டயரைத் தட்டிப் பார்த்தான்.

"அண்ணே, இது கம்பெனி போட்ட சைஸ் இல்ல. முந்தி வச்சிருந்தவுக சின்னதா மாட்டியிருக்காக. சக்கரம் கூடச் சுத்தும், மீட்டரும் கூடத்தான் காட்டும்."

நம்பவில்லை. வீட்டுக்குத் திரும்பாமல் கம்பத்திலிருந்து வீரபாண்டி வரை கிலோமீட்டர் கல்லை எண்ணிக்கொண்டே போனேன். கல் முப்பது. மீட்டர் முப்பத்து மூன்று.

அப்படியானால் என் நூற்றைம்பது நூற்று முப்பத்தாறுதான். கர்ணனுக்கும் கீழே.

பில் அதிகம் என்று சண்டைக்கு வருகிறவர்களிடம் "மீட்டர் பொய் சொல்லாதுங்க" என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்!

01.02.2004, ஞாயிறு

டீக்கடைக்குப் போனேன். சொல்லவில்லை.

07.02.2004, சனி

மாரிசெல்வத்தின் கடை வரை போனேன். வாயைத் திறப்பதற்குள், அங்கே உட்கார்ந்திருந்த போடிக்காரர் ஒருவரிடம், "இவுகதான் நூத்தம்பது" என்று அறிமுகம் செய்துவைத்தான். அந்த மனிதர் எழுந்து கை கொடுத்தார். நானும் கொடுத்தேன். வந்துவிட்டேன்.

நாளைக்கு அவன் ஓட்டுகிறான். இல்லாத ஒன்றை முந்துவதற்கு. சொல்லித் தொலையேண்டா. ஒரு பேரு போனா என்ன, செத்தா போயிருவ?

08.02.2004, ஞாயிறு

சொல்லிவிட்டேன். சொன்ன இடம்தான் தப்பு.

இடது சீட்டில் இருந்தேன். நூற்று இருபதில் கண்ணாடி அதிர்ந்தது. நூற்று முப்பதில் கார் மொத்தமும் உதறியது. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, "சொல்லுங்கண்ணே, எவ்வளவு?" என்று கத்தினான். முள் நூற்று முப்பத்தெட்டில் இருந்தது.

"நிறுத்துடா! என் மீட்டர் பொய்டா! நூத்தி முப்பத்தாறுதான் போனேன், நிறுத்துடா சாமி!"

திராட்சைத் தோட்டம் ஒன்றின் ஓரமாக நிறுத்தினான். என்ஜினை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"எப்பத் தெரியும்?"

"போன சனிக்கிழமை."

"எட்டு நாளு. தெரிஞ்சுக்கிட்டே என்னைய இங்கன வரைக்கும் ஓட விட்டீகளா? அங்கன கயலு வகுத்துல புள்ளையோட உக்காந்திருக்காண்ணே."

டீக்கடையில் எல்லோரிடமும் நானே சொன்னேன். கர்ணன் சிரித்தார். மாரிசெல்வம் டீ குடிக்காமலே போய்விட்டான். கர்ணன் சிரித்தது வலிக்கவில்லை. இதுதான் வலிக்கிறது.

15.02.2004, ஞாயிறு

போகவில்லை.

14.03.2004, ஞாயிறு

போகவில்லை. "ஞாயித்துக்கிழமை வீட்டுல இருக்கீக, ஒடம்புக்கு என்ன?" என்று முனீஸ்வரி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கிண்டல் செய்யவில்லை. செய்திருக்கலாம்.

27.05.2004, வியாழன்

மதியம் போன். மாரிசெல்வம். மூன்றரை மாதத்துக்குப் பிறகு அந்தக் குரல்.

"அண்ணே, கயலுக்கு வலி வந்திருச்சு. கை நடுங்குது, சாவியப் போட முடியல. நீங்க வாங்க."

போனேன். என் எஸ்டீமின் பின்சீட்டில் கயல், பக்கத்தில் முனீஸ்வரி. இடது சீட்டில் அவன். தேனி வரை முள்ளைப் பார்த்துப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தான். "எழுவது. அப்ப நெசத்துல அறுவத்து மூணு. போதும்ணே, இதுக்கு மேல வேண்டாம்." பள்ளம் வந்தால் முன்கூட்டியே சொன்னான். டயரை நான் இன்னும் மாற்றவில்லை என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

ஐந்தரைக்குப் பெண் குழந்தை. இருவரும் நலம். ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து அழுதேன். எதற்கு என்று எனக்கே தெரியாது.

30.05.2004, ஞாயிறு

மாரிசெல்வம் வீட்டுக்கே வந்து கூட்டிப் போனான். பெஞ்சில் எனக்கு இடம் விட்டிருந்தார்கள். "இன்னைக்கு யாரு சொல்றீக?" என்றார் கர்ணன். நான் டீ கிளாசையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாரிசெல்வம் எழுந்தான். "அண்ணே சொல்ல மாட்டாக. நான் சொல்றேன். உத்தமபாளையத்துல இருந்து தேனி ஆஸ்பத்திரி வரைக்கும், அறுவத்து மூணு. ஒரு பள்ளத்துல எறக்கல. இடது சீட்டுல நான் இருந்தேன்."

யாரும் சிரிக்கவில்லை. கர்ணன் என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார்.

"சாட்சி இருக்குல்ல? சேத்துக்கிருவோம்" என்றார்.