இரண்டு கொக்குகளுக்கு நடுவே ஒரு சிவப்புக் கோடு

ராத்தா,

அஸர் தொழுதுவிட்டு எழும்பிய என் முகத்துக்கு நேரே மகள் போனை நீட்டினாள். நீ தூரிகையால் கீறிய கொக்குப் படம். கீறி முடித்த அன்றே போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்பியிருக்கிறாய். அந்தக் கொக்குகளை இனிப் பார்க்கத் தேவையில்லை என்று நிம்மதியாக இருந்தேன். மௌத்தாகி மண்ணுக்குள் போன பிறகும் நீ என்னை விடுகிறாயில்லை.

பழைய வரைபடம் எது கிடைத்தாலும் அதன்மேல் ஒரே குடும்பத்துப் பறவைகள் இரண்டைக் கீறுவது உன் பைத்தியம். கோமாரிக் கரையின் கிழிந்த படத்தில் செண்பகமும் குயிலும் கீறினாய். “ரெண்டும் ஒரே குடும்பம் புள்ள. ஒண்டு கூடு கட்டும், மத்தது கட்டாது,” என்றாய். நம் வாப்பா சீதனமாகத் தந்த வீட்டை உன் புருஷன் விற்றுத் தின்றுவிட்டுப் போனபின், தங்கை என் வீட்டில் வந்திருந்தவள் நீ. நான் சும்மா இருப்பேனா? “கூடு கட்டாதது எதுவெண்டு எனக்குத் தெரியும்,” என்றேன். நீ தூரிகையைக் கழுவிக்கொண்டே இருந்தாய்.

பிறகு பக்கத்து வயல்காரர் வரம்பை நம் பக்கம் தள்ளி வெட்டினார். மகளுக்கு எழுத வைத்திருந்த வயல். எல்லையைச் சிவப்பு மையில் வாப்பாவே கீறி, அவரும் அந்த மனிசனும் கையெழுத்துப் போட்ட வரைபடத்தைத் தேடி அலுமாரியைத் திறந்தால், அந்தப் படத்திலும் இரண்டு பறவைகள். மஞ்சள் அலகோடு உண்ணிக்கொக்கு, கறுப்பு அலகோடு சின்னக்கொக்கு.

“பூச்சி தின்னுது புள்ள. கீறிக் கண்ணாடி போட்டா ஆரும் எறியமாட்டாங்க எண்டுதான்...” என்றாய்.

கொக்குப் படத்தைக் கொண்டுபோய்க் காட்டினால் ஊரே சிரிக்கும் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொக்குகளைத் துடைக்கத் துணியை நனைத்தேன். “தண்ணி படாத! வாப்பாட மை கரைஞ்சிரும்!” என்று ஓடி வந்தாய். உன் கொக்குகளுக்காக அழுகிறாய் என்று நினைத்து இன்னும் அழுத்தித் துடைத்தேன். கொக்குகள் போயின. கோடும் போனது, கையெழுத்தும் போனது.

வயலில் ஒரு துண்டு போனது. கேட்டவர்களிடமெல்லாம், “ராத்தா கொக்குக் கீறி எல்லையை அழிச்சிட்டா,” என்றேன். உன் முன்னாலேயே சொன்னேன். “நீ சொன்னாச் சரி,” என்றாய். அதற்குப் பிறகு நீ தூரிகையைத் தொடவில்லை. சோறு வேண்டுமா என்றாலும், ஆஸ்பத்திரிக்குப் போவோமா என்றாலும், எனக்கு உன்னிடமிருந்து கிடைத்தது அந்த ஒரே பதில்தான். பாவம் என்று நினைக்கவில்லை. எரிச்சல்தான் வந்தது.

இன்று மகள் அந்தப் போட்டோவைப் பெரிதாக்கினாள். ஆளுக்கொரு பக்கமாகக் கொக்குகள். நடுவே அந்தச் சிவப்புக் கோடு முழுசாகக் கிடக்கிறது. கையெழுத்து இரண்டும் வாசிக்கலாம்.

“இஞ்ச பாருங்க உம்மா. பெரியம்மா கோட்டுல ஒரு சொட்டு நிறமும் படாமத்தான் கீறியிருக்கா. அப்ப ஆரு அழிச்ச?”

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. “அவதான். பிறகு அழிச்சா,” என்றேன். மறுத்துக் கதைக்கத்தான் நீ இல்லையே.

மகள் போனை மூடினாள்.

“நீங்க சொன்னாச் சரி உம்மா.”

உன் குரலேதான், ராத்தா. இனி நான் சாகும்வரை இந்த வீட்டில் எனக்கு அந்தப் பதில்தான்.